வாட்ச் அளப்பது எது, ஊகிப்பது எது? புதிதாக ஓடக் கிளம்புபவர்களுக்கு

“ஏனுங்க தம்பி, ஆரு தொரத்தறாங்க?”

கோவை ரேஸ் கோர்ஸில் நான் ஓடத் தொடங்கிய முதல் நாள், எதிரே நடந்து வந்த ஒரு பெரியவர் கேட்டது இது. பதில் சொல்ல மூச்சு இல்லை. கையை மட்டும் ஆட்டிவிட்டு ஓடினேன். இரண்டு நாள் முன்பு தள்ளுபடியில் வாங்கிய வாட்ச் மணிக்கட்டில் அதிர்ந்தது. பார்த்தால் சிவப்பு எழுத்தில் 181. அந்த எண் நல்லதா கெட்டதா என்றே அப்போது தெரியாது. பரீட்சை மார்க் மாதிரி பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று இன்னும் கொஞ்சம் வேகமெடுத்தேன். நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்ளோரமாக வலி பிடித்துக்கொண்டது. படி இறங்கினால் உயிர் போனது. வாட்ச் மேஜை டிராயருக்குள் போய், ரப்பர் பேண்டுகளுக்கும் தேதி முடிந்த மாத்திரை அட்டைகளுக்கும் நடுவில் மூன்று மாதம் கிடந்தது.

அப்போது எனக்கு 43 வயது. பின்னால் ஒரு கணக்குக்கு வேண்டும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

இப்போது யாராவது “ஓடலாம்னு இருக்கேன், எந்த வாட்ச் வாங்கலாம்?” என்று கேட்டால் காலண்டரைத்தான் காட்டுகிறேன். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரித் தாளில் சூரிய உதயம் 6.12 என்று இருக்கும். அதே தாளில் கீழே உங்கள் ராசிக்கு ‘லாபம்’ என்றும் இருக்கும். இரண்டும் ஒரே மையில் அச்சானவைதான், ஆனாலும் இரண்டையும் நாம் ஒரே மாதிரி நம்புவதில்லை. ஸ்மார்ட்வாட்சின் திரையும் அப்படிப்பட்ட ஒரு தாள்தான். தூரம், இதயத்துடிப்பு, கலோரி, உடல் தகுதி, ‘இன்று ஓய்வெடுங்கள்’ என்று எல்லாமே ஒரே அழகான எழுத்தில் வரும். இவற்றில் எது உதயம், எது ராசிபலன் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஓட்டத்துக்கு உதவும் உணரிகள் ஒரு வாட்சில் முக்கியமாக மூன்று. செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் ஜிபிஎஸ், தோலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும் இதயத்துடிப்பு உணரி, கை அசைவை உணரும் முடுக்கமானி. திரையில் தெரியும் மற்றதெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றையும் உங்கள் வயது, எடை, உயரத்தையும் வைத்துப் போட்ட கணக்கு.

இந்த மூன்றுக்கும் முன்னால் வேண்டியது ஒன்று உண்டு. அது உங்கள் சட்டைப் பையில் ஏற்கெனவே இருக்கிறது.

போனில் இருக்கும் டைமர்

புதிதாக ஓடுபவர் செய்யும் தவறு ஏறத்தாழ எல்லோருக்கும் ஒன்றுதான்: வேகம். பள்ளிக்கூடத்தில் நூறு மீட்டர் ஓடிய ஞாபகத்தில் கிளம்பி, முன்னூறு மீட்டரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது. நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். ‘மூச்சு நல்லா இருக்கே’ என்று நீங்கள் வேகமெடுக்கும்போது கால் இன்னும் தயாராகியிருக்காது. என் முன்னெலும்பு வலிக்குக் காரணம் அதுதான்.

இதற்கு 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் ஒரு திட்டம் போட்டார். பெயர் ‘கவுச் டு 5 கே’. சோபாவில் கிடப்பவரை எழுப்பி 5 கிலோமீட்டர் ஓடவைப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம். முதல் வாரம் இப்படி: ஐந்து நிமிடம் வேகநடை, பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை. இந்த ஓட்டமும் நடையும் மாறி மாறி 20 நிமிடம். கூட்டிப் பாருங்கள், முதல் நாள் ஓடுவது மொத்தம் 8 நிமிடம்தான். ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும், தோன்றட்டும். இரண்டாம் வாரம் 90 விநாடி ஓட்டம், 2 நிமிட நடை. இப்படியே ஏறி, ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாள் திடீரென்று நடையே இல்லாமல் 20 நிமிடம் ஓடச் சொல்லும். அந்த நாளைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். நானும் அந்த வாரத்தை இரண்டு முறை திரும்பச் செய்தேன். திரும்பச் செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை உட்படப் பலர் இதைச் செயலியாகவே வெளியிட்டிருக்கிறார்கள். ‘இப்போது ஓடுங்கள்’, ‘இப்போது நடங்கள்’ என்று காதில் சொல்லும். செயலியே வேண்டாம் என்றாலும் இடைவெளி டைமர் ஒன்று போதும். ஒரு கருவி புதியவருக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி இதுதான் என்பது என் கருத்து. உடம்பு இன்னும் தெம்பாக இருக்கும்போதே நிறுத்தச் சொல்வது. நம்மிடம் அந்தக் கட்டுப்பாடு இல்லாததால்தானே காசு கொடுத்து வாங்குகிறோம்?

ஒன்பதாம் வாரம் முடியும்போது 30 நிமிடம் நிற்காமல் ஓடுவீர்கள். அதில் 5 கிலோமீட்டர் முடியாமல் போகலாம். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் எடுத்தால் 30 நிமிடத்தில் 3.75 கிலோமீட்டர்தான் வரும். மீதி ஒண்ணேகாலை அடுத்த இரண்டு மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வேகத்தில் ஓடுவது? இதற்கு வாட்சே வேண்டாம். ஓடிக்கொண்டே உங்கள் வீட்டு முகவரியைக் கதவு எண்ணில் தொடங்கிப் பின்கோடு வரைக்கும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். திக்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. தெருப் பெயரிலேயே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பயிற்சியாளர்கள் ‘பேச்சுச் சோதனை’ என்று சொல்வது இதைத்தான். முகவரி என் சரக்கு. கூட யாராவது ஓடினால் பேசிக்கொண்டே ஓடுங்கள், அதுவே போதும்.

தூரம்: பெரும்பாலும் நம்பலாம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேர் ரேஸ் கோர்ஸை ஒரு சுற்று சேர்ந்து ஓடினோம். சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். முடித்து டீக்கடையில் நின்றபோது என் வாட்ச் 2.46 என்றது. நண்பனுடையது 2.61. மூன்றாமவர் போன் 2.38. மூவரும் தோளோடு தோளாக ஓடினோம். பிறகு யார் சொல்வது சரி என்று டீ ஆறும்வரை சண்டை.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் ‘நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து வாட்ச் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளி வேகத்தில் வரும் சிக்னல் என்பதால் நேரத்தில் ஒரு மைக்ரோவிநாடி பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். கோள்களில் அணுக்கடிகாரம் இருக்கிறது. உங்கள் மணிக்கட்டில் இருப்பதோ சாதாரண குவார்ட்ஸ். அதனால் இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று கோள்கள் போதும் என்றாலும், உங்கள் வாட்சின் நேரத்தைத் திருத்துவதற்காகவே நான்காவதாக ஒன்று வேண்டியிருக்கிறது.

இந்த வசதி நம் கைக்கு வந்ததற்கு ஒரு தேதியே உண்டு. ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் திட்டம். பொதுமக்களுக்குப் போகும் சிக்னலில் வேண்டுமென்றே பிழை சேர்த்து அனுப்பினார்கள். நூறு மீட்டர்வரை இடம் தப்பும். 2000 மே மாதம் அந்தக் குளறுபடியை நிறுத்தினார்கள். மூன்றே ஆண்டில், 2003-ல், கார்மின் நிறுவனத்தின் முதல் ஃபோர்ரன்னர் வாட்சுகள் கடைக்கு வந்தன. இன்று அமெரிக்கக் கோள்களோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் வாட்சுகள் சேர்த்துக் கேட்கின்றன. சில போன்களும் வாட்சுகளும் நம் இஸ்ரோவின் நாவிக்கையும் கேட்கும்.

அப்படியென்றால் எங்கள் மூவருக்கும் ஏன் மூன்று கணக்கு? மேலே மரக்கூரை, பக்கத்தில் அடுக்குமாடி. சிக்னல் நேராக வராமல் சுவரில் பட்டுத் தெறித்து வந்தால் பாதை நீளும், வாட்ச் உங்களை நாலு மீட்டர் தள்ளி நிறுத்திவிடும். விநாடிக்கு ஒரு புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோலம் போல இணைத்துத்தான் அது தூரம் சொல்கிறது. புள்ளி அங்குமிங்கும் ஆடினால் கோடு நெளியும், தூரம் கூடும். மூலையை வெட்டிக் கோடு இழுத்தால் குறையும். இரட்டை அலைவரிசை என்று விளம்பரம் செய்யப்படும் வாட்சுகள் தெறித்த சிக்னலை ஓரளவு அடையாளம் கண்டு தள்ளிவிடும். மரமும் கட்டடமும் நிறைந்த ஊர்க்காரர்களுக்கு அது பயன்தான், ஆனால் முதல் ஆண்டில் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் கருவி எவ்வளவு பிசகுகிறது என்று பார்க்க வேண்டுமானால் 400 மீட்டர் ஓடுதளம் உள்ள மைதானத்துக்குப் போங்கள். உள்பக்கத்து முதல் தடத்தில் ஒரு சுற்று 400 மீட்டர். பன்னிரண்டரைச் சுற்று 5 கிலோமீட்டர். வெளித்தடத்தில் ஓடிவிட்டு வாட்சைத் திட்டாதீர்கள், எட்டாவது தடத்தில் ஒரு சுற்று 450 மீட்டரைத் தாண்டும்.

அடுத்து ‘பேஸ்’. பைக்கில் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துப் பழகிய நமக்கு இது தலைகீழ்: ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம். எண் சிறிதானால் வேகம் அதிகம். 6 நிமிட பேஸ் என்றால் மணிக்கு 10 கிலோமீட்டர், 7 நிமிடம் 30 விநாடி என்றால் மணிக்கு 8. ஓடும்போது திரையில் பேஸ் 6.40, 9.10, 7.05 என்று துள்ளும். நீங்கள் அப்படித் துள்ளவில்லை. 8 நிமிட பேஸில் ஓடுபவர் ஒரு விநாடிக்கு இரண்டு மீட்டர்தான் நகர்கிறார். ஜிபிஎஸ் பிழையே மூன்று நாலு மீட்டர் இருக்கும்போது, விநாடிக்கு விநாடி வேகம் சொல் என்றால் அது எங்கே போகும்? திரையின் அமைப்பில் ‘இப்போதைய பேஸ்’ என்பதை எடுத்துவிட்டு, அந்த ஒரு கிலோமீட்டரின் சராசரி பேஸை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சின்ன விஷயம். ஓடக் கிளம்பும் முன் வாட்சை போனோடு இணைத்துவிட்டால், எந்தக் கோள் எங்கே இருக்கும் என்ற தகவல் முன்கூட்டியே இறங்கிவிடும், சிக்னல் பிடிக்க நேரம் ஆகாது. பச்சை காட்டும்வரை நின்று, பிறகு கிளம்புங்கள். அவசரப்பட்டால் முதல் இருநூறு மீட்டர் கணக்கில் வராது. அடுத்தது, போனை மட்டும் வைத்து ஓடுபவர்களுக்கு. ஒருநாள் நான் ஓடிய பாதை வரைபடத்தில் வளைவே இல்லாமல், பத்துப் பன்னிரண்டு வீட்டுக்குள் புகுந்து நேர்க்கோடாகப் போயிருந்தது. பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று ஆண்ட்ராய்டு நடுவழியில் செயலியைத் தூங்கவைத்துவிட்டது. போன் அமைப்பில் அந்த ஓட்டச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

இதயத்துடிப்பு: சில நேரம் நம்பலாம்

வாட்சைக் கழற்றித் திருப்பினால் பச்சை விளக்கு மின்னும். ரத்தம் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம் அது பச்சை வெளிச்சத்தை விழுங்கிவிடுவதுதான். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டுக்கு ரத்தம் பாயும்போது பச்சை அதிகம் விழுங்கப்படும், துடிப்புக்கு நடுவே குறையும். திரும்பி வரும் வெளிச்சம் ஏறி இறங்குவதை எண்ணி, நிமிடத்துக்கு இத்தனை என்று சொல்கிறது.

அதாவது அது இதயத்தைப் பார்ப்பதே இல்லை. வெளிச்சத்தின் தாளத்தை மட்டும் பார்க்கிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் வாட்சை ஒரு நேந்திரம்பழத்தில் கட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பழம் நிமிடத்துக்கு 84 துடிப்போடு நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

ஓடும்போது சிக்கல் இங்கேதான் வரும். ஒவ்வொரு அடிக்கும் கை ஆடுகிறது, வாட்ச் குலுங்குகிறது, வெளியிலிருந்து வெளிச்சம் உள்ளே கசிகிறது. இந்தக் குலுக்கலுக்கும் ஒரு தாளம் உண்டு. நிமிடத்துக்கு 170 அடி வைத்தால் 170 தடவை. ஸ்ட்ராப் தளர்வாக இருந்தால் வாட்ச் இதயத்தின் தாளத்தை விட்டுவிட்டுக் காலின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் நிதானமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள், அது 172 என்று அலறும்.

என் 181-க்கு வருவோம். அந்த முதல் நாள் வாட்ச் வளையல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. பின்னாளில் எண்ணிப் பார்த்ததில், நான் தலைதெறிக்க ஓடினால் நிமிடத்துக்கு 180 அடி வைக்கிறேன். ஆக அந்த 181 என் இதயமா, என் காலா என்று இன்றுவரை சந்தேகம். தப்பான எண்ணைப் பார்த்து, அதையும் தப்பாகப் புரிந்துகொண்டு, இன்னும் வேகமாக ஓடியிருக்கிறேன்.

எலும்பு முண்டுக்கு மேலே இரண்டு விரல் தள்ளி, வாட்சை நகர்த்தினால் தோலும் சேர்ந்து நகரும் அளவு இறுக்கமாகக் கட்டுங்கள். ஓடி முடித்ததும் தளர்த்திவிடலாம். பச்சை குத்திய இடத்தின் மேல் கட்டினால் மை வெளிச்சத்தைத் தடுக்கும். கருத்த தோலும் பச்சை வெளிச்சத்தை அதிகம் விழுங்கும், அதனால் நம்மில் பலருக்கு உணரி கூடுதலாகச் சிரமப்படுகிறது. துல்லியம் வேண்டும் என்றால் மார்புப் பட்டை இருக்கிறது. அது வெளிச்சத்தை நம்பாமல் ஈசிஜி போல இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கும். 1977-ல் தொடங்கிய ஃபின்லாந்து நிறுவனமான போலார், 1980-களின் தொடக்கத்தில் கம்பியில்லாமல் இதைச் செய்து காட்டியது. கட்டும் முன் பட்டையின் தொடுபகுதியைத் தண்ணீரில் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் வியர்க்கும்வரை உளறும்.

சரி, 181 ஏன் சிவப்பில் வந்தது? 220-லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத்துடிப்பு என்று வாட்சுக்குள் ஒரு சூத்திரம் இருக்கிறது. 43 வயதுக்கு 177. நான் 177-ஐத் தாண்டிவிட்டேன் என்று அது பயந்துவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் வந்த தோராயக் கணக்கு இது. 2001-ல் தனாகாவும் சக ஆய்வாளர்களும் கொடுத்த சூத்திரத்தில், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்க வேண்டும். 43-க்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 60 வயதுக்கு முதலாவது 160 என்னும், அடுத்தது 166 என்னும். எதை எடுத்தாலும் உங்களுடைய உண்மையான எண் அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடக் குறைய இருப்பது சகஜம். ஆக, துடிப்பு ஓரளவு அளந்தது. அது ‘எந்த மண்டலம்’, அதாவது அதிகபட்சத்தில் எத்தனை சதவீதம், என்று வண்ணம் பூசுவது ஊகம்.

‘இரண்டாம் மண்டலத்தில் ஓடுங்கள்’ என்று யூடியூபில் எல்லோரும் சொல்வார்கள். பல வாட்சுகளின் கணக்கில் அது அதிகபட்சத்தில் 60 முதல் 70 சதவீதம். எனக்கு 106 முதல் 124. புதியவர் ஓடத் தொடங்கி ஒரு நிமிடத்தில் இதைத் தாண்டிவிடுவார். வாட்ச் ‘மெதுவாக, மெதுவாக’ என்று நச்சரிக்கும், நடந்தால்தான் வாயை மூடும். ஆரம்பத்தில் இது எல்லோருக்கும் நடப்பது. முதல் இரண்டு மூன்று மாதம் மண்டலத்தை மறந்துவிட்டு முகவரிச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உடம்பைக் குளிரவைக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீர் குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கிறது. மார்கழியில் 145-ல் ஓடிய அதே சுற்று சித்திரையில் எனக்கு 157 காட்டியது. சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடும் நண்பனுக்கு வெப்பத்தோடு ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். வியர்வை காயாது, துடிப்பு இறங்காது. அவனுடைய எண்ணையும் என்னுடைய எண்ணையும் வைத்து யார் தகுதி அதிகம் என்று பேசுவது வீண்.

ஒரு எச்சரிக்கை. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இதயத்துடிப்பு அவ்வளவாக ஏறாது. வாட்ச் ‘லேசான பயிற்சி’ என்று சொல்லும், உடம்பு திணறிக்கொண்டிருக்கும். சர்க்கரை, அழுத்தம், இதயப் பிரச்சினை எது இருந்தாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மார்பில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் திரையில் என்ன எண் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

இந்த உணரி சொல்வதில் நான் மிகவும் நம்புவது ஓடும்போது வரும் எண்ணை அல்ல, தூங்கும்போது வரும் எண்ணை. கை ஆடாது, குலுங்காது. ஓய்வு இதயத்துடிப்பு எனக்கு ஐந்து மாதத்தில் 78-லிருந்து 69-க்கு இறங்கியது. இரவு சரியாகத் தூங்காவிட்டாலோ காய்ச்சல் வரப்போகிறதென்றாலோ ஐந்தாறு ஏறி நிற்கும். அன்று ஓட்டத்துக்குப் பதில் நடை.

ராசிபலன் பக்கம்

கலோரி. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகைக் கைப்பட்டைகளைக் கட்டிச் சோதித்தார்கள். இதயத்துடிப்பில் ஏழில் ஆறு ஐந்து சதவீதப் பிழைக்குள் வந்தன. கலோரியில் எதுவுமே தேறவில்லை. இருப்பதில் நல்லதுக்கே 27 சதவீதம் பிழை, மோசமானதுக்கு 93. இதைவிட எளிய கணக்கு ஒன்று இருக்கிறது: ஓடினால் ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, சுமார் ஒரு கிலோகலோரி. 70 கிலோ ஆள் 5 கிலோமீட்டர் ஓடினால் 350. டீக்கடையில் இரண்டு வடையும் ஒரு டீயும் அதைச் சரிக்கட்டிவிடும். வாட்ச் 520 காட்டியது என்று மூன்றாவது வடையை எடுக்காதீர்கள்.

விஓ2 மேக்ஸ் என்பது உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு. ஆய்வகத்தில் முகமூடி மாட்டி, இனி முடியாது என்னும்வரை ஓடவைத்து அளப்பார்கள். வாட்சோ உங்கள் வேகத்தையும் துடிப்பையும் ஒப்பிட்டு ஊகிக்கிறது. வெயில் காலத்தில் துடிப்பு ஏறுவதால் உங்கள் தகுதி குறைந்துவிட்டதாகச் சொல்லி மனசை நோகடிக்கும்.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி என்பது ஆராய்ச்சியில் பிறந்த எண் இல்லை. 1965-ல் ஜப்பானில் விற்ற ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரே ‘மான்போ கெய்’, பத்தாயிரம் அடி மீட்டர். பெயர் நிலைத்துவிட்டது. நடப்பது நல்லதுதான். ஆனால் 7,200-ல் நாள் முடிந்தால் படுக்கையறையில் குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டியதில்லை.

நிமிடத்துக்கு 180 அடி வைக்க வேண்டும் என்ற பேச்சும் அதே ஜாதி. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணிப் பார்த்தார், ஏறக்குறைய எல்லோரும் 180-க்கு மேல். அவர்கள் ஒலிம்பிக் வேகத்தில் ஓடினார்கள். மெதுவாக ஓடும் நமக்கு 155, 165 எல்லாம் தாராளம். அடியை நீட்டி வைக்காமல், பாதம் உடம்புக்குக் கீழேயே விழும்படி குட்டிக் குட்டியாக வைத்தால் போதும்.

காசு எங்கே போட வேண்டும்

முதலில் ஷூவுக்கு. மாலையில் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கடைக்குள்ளேயே பத்தடி ஓடிப் பாருங்கள், விற்பவர் பார்த்தால் பார்க்கட்டும். ஓட்டச் செயலிகள் சிலவற்றில் ஷூவின் பெயரைக் கொடுத்தால் அது எத்தனை கிலோமீட்டர் உழைத்தது என்று கணக்கு வைக்கும். 500-லிருந்து 800 கிலோமீட்டருக்குள் மெத்தை செத்துவிடும், மேலே பார்க்கப் புதிதாகவே இருக்கும். பலரும் முட்டி வலிக்கு வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வாட்சை இரண்டு மாதம் கழித்து, அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தால் வாங்குங்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உள்ளேயே ஜிபிஎஸ் இருக்கிறதா? விலை குறைந்த பல வாட்சுகளில் ‘ஜிபிஎஸ்’ என்று பெரிதாகப் போட்டு, கீழே பொடி எழுத்தில் ‘போன் வழியாக’ என்று இருக்கும். போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடினால் அடிகளை எண்ணி, உங்கள் உயரத்தை வைத்து அடிநீளத்தை ஊகித்து, பெருக்கிச் சொல்லும். என் முதல் வாட்ச் அந்த ரகம். எனக்கு அது தெரிந்தது வாங்கி எட்டு மாதம் கழித்து. வெயிலில் படிக்க முடிகிற திரையா, ஓடும்போது வியர்த்த விரலால் அழுத்தப் பட்டன் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஈரக் கையால் தொடுதிரையை நிறுத்தப் போராடிய அனுபவம் உள்ளவர்களுக்குப் பட்டனின் அருமை தெரியும்.

செயலியில் கணக்குத் தொடங்கியதும் முதல் வேலை, வீட்டைச் சுற்றிச் சில நூறு மீட்டரை மற்றவர் பார்வையிலிருந்து மறைப்பது. ஸ்ட்ராவா என்ற ஓட்டச் செயலி 2017-ல் உலகம் முழுக்க எங்கெல்லாம் ஓடுகிறார்கள் என்று ஒரு வெப்ப வரைபடம் வெளியிட்டது. சில மாதத்திலேயே, பாலைவனத்தின் நடுவே தனியாக ஒளிர்ந்த வட்டங்கள் ராணுவ முகாம்களின் சுற்றுச்சுவர் ஓரம் சிப்பாய்கள் ஓடிய பாதைகள் என்று வெளியே தெரிந்துபோனது. உங்கள் வீட்டுக் கேட்டும், தினமும் 5.40-க்குக் கிளம்பும் வழக்கமும் அதைவிடச் சுலபமாகத் தெரியும். என் தங்கை இருட்டோடு கிளம்புவாள். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை ஒரு மணி நேரத்துக்கு அம்மாவுக்குப் போட்டுவிட்டுத்தான் படியிறங்குவாள். ஒரு காதில் மட்டும் இயர்பட். நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓட்டம். தெருநாய் வந்தால் நடைக்கு மாறிவிடுவாள். ஓடினால்தான் அது துரத்தும். இதற்கு உணரி இன்னும் வரவில்லை.

கடைசியாக, யாரும் சொல்லித் தராத ஒன்று. ஓடி வந்ததும் வாட்சோடு அப்படியே குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினால், பத்து நாளில் ஸ்ட்ராப்புக்குக் கீழே தோல் சிவந்து அரிக்கும். கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, மணிக்கட்டையும் துடைத்துக் காயவைத்துவிட்டு மாட்டுங்கள். சார்ஜர் ஒட்டும் அந்தச் செம்புநிறப் புள்ளிகளில் வியர்வை உப்பு படிந்து பச்சை பூக்கும், பிறகு சார்ஜ் ஏறாது. ஒருமுறை பழுது பார்க்கும் கடையில் பேட்டரி போய்விட்டது என்று இரண்டாயிரம் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து பழைய டூத்பிரஷை லேசாக நனைத்துத் தேய்த்தேன், ஏறிவிட்டது.